அகாஃபியாவின் வாசலுக்கு ஆள் கூட்டிப் போகாதீர்கள்: ஒரு பயண நிறுவனத்துக்குத் திறந்த மடல்

சைபீரியப் பயணத்தை அறிவித்திருக்கும் நிறுவனத்தாருக்கும், அதற்கு விளம்பரக் காணொளி தயாரித்த அலைவரிசையினருக்கும்,

சைபீரியக் காட்டில் பிறந்து இன்றும் அங்கேயே வாழும் அகாஃபியா லிக்கோவாவின் வீட்டுக்கு, வரும் ஆகஸ்ட் மாதத்தில் நீங்கள் அறிவித்திருக்கும் “காட்டு மூதாட்டியுடன் ஒரு நாள்” என்ற பயணத்தைக் கைவிடும்படி கேட்டு, மூன்று வாரங்களுக்கு முன் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதினேன். “அனுமதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் சார், பாட்டிக்கு விருந்தாளிகள் என்றால் உயிர்” என்று ஒன்றரை வரியில் பதில் வந்தது. அந்த ஒன்றரை வரிக்குள் இரண்டு பிழைகள் இருந்தன. உங்களிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால், முன்பணம் கட்டியவர்களும் கட்ட நினைப்பவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் அறிவிப்பில் உள்ளதை உள்ளபடியே எடுத்துவைக்கிறேன். 12 பேர் கொண்ட குழு; ஹெலிகாப்டரில் தைகா காட்டுக்குள் பயணம்; அகாஃபியா லிக்கோவாவின் வீட்டில் 5 மணி நேரம்; அவர் கையால் சுட்ட ரொட்டி; அவரோடு படம் எடுத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் தனி நேரம்; திரும்பும் வழியில் “நூறு வயது வாழவைக்கும் தைகா உணவு ரகசியம்” பற்றி ஒரு வகுப்பு. இதற்குத் துணையாக வெளியான 14 நிமிடக் காணொளி, “உலகத்தையே வெறுத்து 80 வருஷமாகத் தனியாக வாழும் கிறுக்குப் பாட்டி” என்று அவரை அறிமுகப்படுத்துகிறது. முகப்புப் படத்தில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் வாய் பிளந்த கரடியின் முகம் ஒட்டப்பட்டிருக்கிறது. காணொளி செய்தவர்கள் இளைஞர்களாக இருக்கலாம், அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். அதைக் காட்டிப் பணம் வசூலிக்கிறவர்களிடம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

நான் மருத்துவர். 1990களின் இறுதியில் தென் சைபீரிய நகரம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தேன். இப்போது மதுரைக்கு அருகே ஒரு சிறிய ஊரில் நோயாளிகளைப் பார்க்கிறேன். அகாஃபியாவை நான் நேரில் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மாணவனாக இருந்தபோது எப்படியாவது அங்கே போய்விட வேண்டும் என்று விசாரித்துத் திரிந்தவர்களில் நானும் ஒருவன். போகாமல் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் விடுதியில் அவரைப் பற்றி அறியாத ரஷ்ய மாணவர் எவரும் இல்லை. பேராசிரியர்கள் வகுப்பில் அந்தக் குடும்பத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லுவார்கள். விடுதிக் காவலாளியம்மாள் தன் வீட்டுப் பிள்ளையைப் போல அவரை “அகாஷா” என்பார். அப்படி ஊரே பெயர் சொல்லி அழைத்த ஒருவரை நம் மொழியில் “கிறுக்குப் பாட்டி” என்று படிக்க நேர்ந்ததில்தான் என் கோபம் தொடங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“தனியாக” என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். 1944இல் அகாஃபியா அந்தக் காட்டில் பிறந்தபோது தாய், தந்தை, இரண்டு அண்ணன்மார், ஓர் அக்காள் என்று முழுக் குடும்பமே அவரைச் சுற்றி இருந்தது. தந்தை கார்ப் லிக்கோவ், பழைய நம்பிக்கையாளர்கள் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யத் திருச்சபையின் தலைவராக இருந்த நிக்கோன், வழிபாட்டு நூல்களையும் சடங்குகளையும் கிரேக்க முறைக்கு ஏற்பத் திருத்தியபோது அதை ஏற்க மறுத்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். சிலுவைக் குறியை இரண்டு விரலால் இடுவதா மூன்று விரலால் இடுவதா என்பதும் அந்தச் சண்டையில் ஒரு பங்கு. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றப் படி ஏறிய நாட்டில் இருந்துகொண்டு நாம் அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. அந்த மறுப்புக்காக அவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள், முதலாம் பீட்டர் மன்னரின் காலத்தில் மற்றவர்கள் கட்டியதைப் போல் இரண்டு மடங்கு வரி கட்டினார்கள். ஒவ்வொரு நெருக்கடியிலும் இன்னும் கொஞ்சம் கிழக்கே, இன்னும் கொஞ்சம் காட்டுக்குள்ளே என்று நகர்ந்ததுதான் அவர்களுடைய வரலாறு.

1930களில் சோவியத் அரசின் காவல் குழு ஒன்று கார்ப்பின் உடன்பிறந்தவரை அவர் கண்ணெதிரிலேயே சுட்டுக் கொன்றது. 1936இல் கார்ப் தம் மனைவி அக்குலினாவையும், சிறுவனான சாவினையும், கைக்குழந்தைப் பருவத்தை அப்போதுதான் தாண்டியிருந்த நத்தாலியாவையும் அழைத்துக்கொண்டு, கொஞ்சம் விதையும் நூல் நூற்கும் ராட்டையும் சுமந்துகொண்டு, அபக்கான் ஆற்றின் மேற்பகுதிக் காட்டுக்குள் போய்விட்டார். திமித்ரியும் அகாஃபியாவும் அங்கேதான் பிறந்தார்கள். அருகிலிருந்த குடியிருப்புக்கும் அவர்களுக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டர் காடும் மலையும் கிடந்தன. துப்பாக்கிக்குத் தப்பி ஓடிய குடும்பத்தை “உலகத்தை வெறுத்த” குடும்பம் என்று சொல்வது, வீட்டை விட்டு அடித்துத் துரத்தப்பட்டவனை ஊர் சுற்றப் போனவன் என்று சொல்வதைப் போன்றது.

1978இல் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த புவியியலாளர்கள் மலைச்சரிவில் உழுத நிலம் போன்ற ஒரு திட்டைக் கண்டார்கள். கலீனா பிஸ்மென்ஸ்கயாவின் தலைமையில் ஒரு சிறு குழு அங்கே நடந்து போனது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வசீலி பெஸ்கோவ் ‘கொம்சொமோல்ஸ்கயா ப்ராவ்தா’ நாளிதழில் அவர்களைப் பற்றித் தொடர் எழுதத் தொடங்கியபோது நாடு முழுவதும் அந்தப் பெயர் பரவியது. 1988 பிப்ரவரியில் கார்ப் இறந்த பிறகே அகாஃபியா அந்தக் குடும்பத்தின் கடைசி ஆளானார். அதற்குப் பிறகும், ஒரு காலை இழந்த முன்னாள் புவியியல் பணியாளர் யெரொஃபேய் செதோவ் 1997 முதல் 2015இல் இறக்கும் வரை அவருக்கு அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்தார். வயதான பெண்ணுக்கு ஆண் துணை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மனிதருக்கு விறகு கொண்டுவந்து போட்டவர் அகாஃபியா. இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் சாதாரண மனிதர். உங்கள் காணொளி சொல்வதுபோல் அவர் காட்டை விட்டு வெளியே வராதவரும் அல்லர். சோவியத் காலத்திலேயே அரசுச் செலவில் நாட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். சில காலம் தம் மரபைச் சேர்ந்த கன்னியர் மடத்தில் தங்கிப் பார்த்திருக்கிறார். 2016 ஜனவரியில் கால் வலி பொறுக்க முடியாமல் ஹெலிகாப்டர் வரவழைத்துத் தஷ்தகோல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். வெளியே இருப்பது என்னவென்று பார்த்துவிட்டு, தம் வீடு எது என்று முடிவு செய்தவர் அவர்.

இனி உங்கள் “உணவு ரகசியம்”. மருத்துவனாக இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அந்தக் குடும்பத்தின் அன்றாட உணவு உருளைக்கிழங்கு. அதோடு கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவும் சணல் விதையும். கொண்டுபோன இரும்புப் பாத்திரங்கள் துருப்பிடித்து ஓட்டையான பிறகு பூர்ச்ச மரப்பட்டையால் செய்த ஏனங்கள்தாம் மிஞ்சின. அவற்றை அடுப்பில் ஏற்ற முடியாது. துப்பாக்கியும் கிடையாது, வில்லும் கிடையாது. திமித்ரி வளர்ந்து, குழி வெட்டிப் பொறிவைத்தும் விலங்கு களைத்து விழும்வரை மலையில் துரத்தியும் வேட்டையாடக் கற்றுக்கொண்ட பிறகே இறைச்சி என்ற ஒன்று எப்போதாவது கிடைத்தது. 1961இல் அவர்கள் பட்டினியில் சிக்கினார்கள். கோடையில் விழுந்த பனி தோட்டத்தை அழித்துவிட, தோல் காலணியையும் மரப்பட்டையையும் தின்று உயிர் பிடித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இருந்ததைக் கொடுத்துவிட்டுத் தாய் அக்குலினா பசியால் இறந்தார். பிறகு பட்டாணித் தோட்டத்தில் எங்கோ தப்பி முளைத்த ஒரேயொரு ரைப் பயிரைச் சுற்றி வேலி கட்டி, எலியும் அணிலும் அண்டாமல் இரவு பகலாகக் காவல் காத்தார்கள். அந்தக் கதிர் 18 மணி கொடுத்தது. அந்த 18 மணியிலிருந்து மறுபடி விதை பெருக்கினார்கள்.

இதையா நீங்கள் காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கப் போகிறீர்கள்? நம்மவர் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிவிட்டுப் போவோம். அவர்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உப்பே இல்லாமல் சாப்பிட்டார்கள். புவியியலாளர்கள் கொண்டுபோன பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தங்கள் நெறிக்கு ஆகாதென்று மறுத்த கார்ப், முதலில் வாங்கிக்கொண்டது உப்பைத்தான். உப்பில்லாமல் வாழ்ந்தது உண்மையான சித்திரவதை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் இருவர் உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கும் விதையும் மட்டும் தின்றால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். ஒருவர் கேட்பதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

அடுத்து, 12 பேர் 5 மணி நேரம் அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது. 1978இல் வெளியுலகம் அவர்கள் வாசலுக்கு வந்தது. 1981இன் இலையுதிர் காலம் தொடங்கி ஆண்டு முடிவதற்குள் திமித்ரி, சாவின், நத்தாலியா மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். திமித்ரிக்கு நுரையீரல் அழற்சி. மற்ற இருவருக்கும் சிறுநீரகம் செயலிழந்தது என்றும் அதற்கு நெடுங்காலக் கடின உணவே காரணம் என்றும் கருத்து உண்டு. ஆனால் 1980 முதல் பலமுறை அங்கே சென்று அவர்களைப் பரிசோதித்த கிராஸ்நயார்ஸ்க் மருத்துவப் பேராசிரியர் இகோர் நசாரோவ் வேறு விதமாக வாதிட்டார். பல பத்தாண்டுகள் மனிதர் எவரையும் அண்டாமல் வாழ்ந்ததால், நாம் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துபோகும் சுவாச நோய்க் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. வெளியாரோடு ஏற்பட்ட தொடர்பே அந்தச் சாவுகளுக்குத் தொடக்கமாக இருந்திருக்கலாம் என்பது அவர் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எங்கள் வகுப்பில் இரண்டு பக்கமும் பேசப்பட்டது. இன்றைய அகாஃபியா 1978இன் அகாஃபியா அல்லர் என்பதும், கடந்த 40 ஆண்டுகளில் எத்தனையோ பேரைச் சந்தித்து அவருடைய உடல் ஓரளவு பழகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் 80ஐக் கடந்தவர். இரண்டு மூன்று விமான நிலையங்களில் இருமுகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுந்து, மூன்றாம் நாள் அவருடைய அடுப்படியில் போய் நிற்கப்போகிற 12 பேரில் ஒருவருக்குக்கூடத் தொண்டை கரகரக்காது என்று நீங்கள் எழுதித் தருவீர்களா? உங்கள் அறிவிப்பில் பயணிகளுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. அவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தேடினேன்; ஒரு பரிசுப் பை என்று போட்டிருந்தது.

போகாமல் நின்றதற்குக் காரணம் சொல்வதாகச் சொன்னேன். மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறையில், வகுப்புத் தோழன் ஒருவனோடு துவா குடியரசில் யெனிசெய் ஆற்றின் மேற்பகுதிக்குப் போனேன். அங்கே பழைய நம்பிக்கையாளர்களின் ஊர்கள் இருக்கின்றன. தோழனின் பாட்டனாருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று நாள் தங்க இடம் கொடுத்தார்கள். முதல் நாள் மாலை எனக்குத் தேநீர் தந்த கோப்பை, வீட்டாரின் கோப்பைகளோடு சேராமல் தனியாக ஒரு மாடத்தில் இருந்து எடுக்கப்பட்டது. குடித்த பின் தனியாகவே கழுவித் தனியாகவே வைக்கப்பட்டது. இரட்டைக் குவளை என்றால் என்னவென்று எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. என் தாத்தா தேநீர்க் கடைக்கு வெளியே நின்று தேங்காய்ச் சிரட்டையில் குடித்தவர். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோழனுக்கும் அதே மாடத்துக் கோப்பைதான், ரஷ்யனானாலும் அவன் அவர்கள் நெறியில் இல்லாதவன், யார் வந்தாலும் இப்படித்தான் என்று மறுநாள் தெரிந்தபோது கோபம் பாதி தணிந்தது. முழுவதும் தணிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வழக்கம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் என்னைத் தேடி வந்து அந்தக் கோப்பையை நீட்டவில்லை. நான்தான் அவர்கள் வாசலைத் தட்டினேன்.

அந்த வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். படம் பிடிக்க வேண்டாம் என்று வந்த அன்றே வீட்டார் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் அவர் சன்னலோரம் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தபோது, வெளியே நின்று நான் ஒரு படம் எடுத்தேன். ஒளி அவ்வளவு அழகாக விழுந்திருந்தது என்பதைத் தவிர என் பக்கம் வேறு நியாயம் கிடையாது. கேமராவின் ஓசை கேட்டு அவர் திரும்பினார். முந்தானை போலத் தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனவர், நாங்கள் புறப்படும் வரை வெளியே வரவில்லை. யாரும் எங்களைத் திட்டவில்லை, சாப்பாடும் குறையவில்லை. எனக்கு அப்போது லேசான சளியும் இருந்தது. ஒரு மாதம் கழித்து, அந்த மூதாட்டி நுரையீரல் அழற்சியில் படுத்துப் பிழைத்தார் என்று தோழனின் வீட்டுக்குச் செய்தி வந்தது. அது என்னால் வந்தது என்று எந்த மருத்துவராலும் நிரூபிக்க முடியாது. என்னால் வரவில்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியவில்லை. அந்தப் படத்தைக் கழுவிப் பார்த்தேன், நன்றாகவே வந்திருந்தது. பிறகு படச்சுருளோடு சேர்த்து விடுதி அடுப்பில் போட்டேன். அந்த ஆண்டு அகாஃபியாவின் இடத்துக்குப் போகும் வழியை விசாரிப்பதையும் நிறுத்தினேன்.

“கிறுக்கு” என்று நீங்கள் காட்டும் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டைக் குறியீடு அச்சிட்ட பொட்டலங்களை அவர் தொடுவதில்லை என்பதை நகைச்சுவை இசையோடு போட்டிருக்கிறீர்கள். தம் மறைநூலின் இறுதிப் பகுதியில் சொல்லப்படும் தீயவனின் முத்திரையாக அவர் அந்தக் கோடுகளைக் காண்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராகு காலத்தில் வண்டி எடுக்காத ஓட்டுநர்களைக் கொண்டு நடக்கும் உங்கள் நிறுவனத்துக்கு அது ஏன் அவ்வளவு வேடிக்கையாக இருந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குடும்பத்தினர் காலக் கணக்கு மறந்து வாழ்ந்ததாக உங்கள் காணொளி சொல்கிறது. நேர் எதிர்: உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணும் பழைய முறையில், நாம் 1978 என்று சொன்ன ஆண்டை அவர்கள் 7486 என்று சொன்னார்கள், நோன்புகளும் திருநாள்களும் பிசகாதபடி நாட்களை எண்ணி வந்ததைக் கண்டு புவியியலாளர்களே வியந்தார்கள். அகாஃபியா எழுதப் படிக்கத் தெரிந்தவர். பழைய ஸ்லாவிய எழுத்து வடிவில் அச்சுக் கோத்தாற்போல எழுதும் அவருடைய கடிதங்கள் பலரிடம் இருக்கின்றன.

உங்கள் பதிலின் இரண்டாவது பிழையும் அந்தக் கடிதங்களில்தான் அடிபட்டுப்போகிறது. “விருந்தாளிகள் என்றால் உயிர்” என்றீர்கள். அவர் ஆட்களைக் கேட்டு எழுதியது உண்மை. 2014இல் வயதும் நோயும் கூடிவிட்டதால் உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவர் எழுதியது வெளியே பரவலாகத் தெரிந்தது. கேட்டது வேலைக்குத் துணை. விறகு பிளக்கவும், ஆடுகளுக்குப் புல் அறுத்து உலர்த்திப் பரணேற்றவும், பனி விழுமுன் உருளைக்கிழங்கு தோண்டி எடுக்கவும் ஆள் கேட்டார். உதவிக்கு வந்த பலர் நிலைக்கவில்லை. அவரோடு ஒத்துப்போவது எளிதில்லை என்று திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதை நான் நம்புகிறேன். மாணவத் தன்னார்வலர்கள் முறை வைத்துப் போய்க் கோடையில் இந்த வேலைகளைச் செய்துகொடுத்து வருகிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஆகஸ்ட் மாதம் அங்கே புல் அறுத்து உலர்த்தும் காலம். மழையில்லாத ஒரு பகல் என்பது அந்த வீட்டில் மூன்று மாத ஆட்டுத் தீவனம். அந்தப் பகலில் 5 மணி நேரத்தை, ஒருவர் மாற்றி ஒருவராக 12 பேரோடு படத்துக்கு நிற்கச் சொல்லி வாங்கப் பார்க்கிறீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர்கள்கூட, விருந்தாளி தன் சாப்பாட்டுக்குச் சீட்டு விற்பான் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் பிழையான “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதத்துக்கு இடமில்லை. லிக்கோவ் குடும்பத்தின் அந்த இடம் ககாஸ்கி இயற்கைக் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. ரஷ்யச் சட்டத்தில் காப்பகம் என்பது மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவு. நிர்வாகத்தின் முன் அனுமதியில்லாமல் அதற்குள் கால்வைப்பதே குற்றம். உங்கள் பயணிகள் கட்டிய பணம் எந்த அனுமதியின் பேரில் வாங்கப்பட்டது என்று நீங்கள் அவர்களுக்குக் காட்டியாக வேண்டும்.

இதெல்லாம் எங்கோ சைபீரியாவில் நடப்பது, சென்னையில் இருப்பவனுக்கு என்ன என்று உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் ஒருவர் கேட்டார். சென்னையிலிருந்து இரண்டரை மணி நேர விமானத் தொலைவில் இருக்கும் அந்தமானில், ஜாரவா பழங்குடி மக்களைச் சாலையோரம் ஆடவிட்டு வண்டியிலிருந்து படம் பிடித்த காட்சி 2012இல் வெளியாகி நாம் தலைகுனிந்தோம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. அதற்கு முன்பே, 1999இலும் 2006இலும், வெளியாரின் தட்டம்மை அவர்களைத் தாக்கியிருந்தது. அந்தச் சாலையில் அவர்களை நோக்கிப் பிஸ்கட் பொட்டலம் எறிந்தவர்களில் நம் ஊர்ப் பயணிகள் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மடலை ரஷ்ய அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை. பயணத் திட்டத்திலிருந்து அகாஃபியா லிக்கோவாவின் வீட்டை இம்மாத இறுதிக்குள் நீக்கி, நீக்கியதை விளம்பரம் வெளியான அதே இடங்களில் அறிவியுங்கள். முன்பணம் கட்டியவர்களில் விலக விரும்புகிறவர்களுக்குப் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். பழைய நம்பிக்கையாளர்களின் வாழ்க்கையை அறிய வேண்டும் என்ற ஆசை உங்கள் பயணிகளுக்கு உண்மையாகவே இருந்தால், அதற்கு வாசலைத் திறந்துவைத்திருப்பவர்களிடம் அழைத்துப்போங்கள். பைக்கால் ஏரிக்குக் கிழக்கே உலான் உதே நகருக்கு அருகில் தர்பகதாய் ஊர்க்காரர்கள் வெளியூராரை வரவேற்றுத் தங்கள் பாட்டையும் உணவையும் பகிர்கிறார்கள். செமெய்ஸ்கியே எனப்படும் அந்தச் சமூகத்தின் பண்பாட்டை 2001இல் யுனெஸ்கோ சிறப்பித்திருக்கிறது. அல்த்தாயில் வெர்க்னி உய்மோன் ஊரில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் உங்களுக்கு ஹெலிகாப்டர் செலவும் மிச்சம்.

அலைவரிசையினருக்கு: காணொளியின் தலைப்பிலிருந்து “கிறுக்கு” என்ற சொல்லையும், முகப்பிலிருந்து கரடியையும் எடுத்துவிடுங்கள். 80 ஆண்டு தனிமை, உலக வெறுப்பு, காலக் கணக்கு மறந்தது என்னும் மூன்று பிழைகளையும் திருத்தி, திருத்தியதைக் காணொளியின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். உணவு ரகசியம் பற்றிய 4 நிமிடப் பகுதியை முழுவதும் நீக்குங்கள். மருந்தை நிறுத்திய என் நோயாளியின் சர்க்கரை அளவைத் தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், பெயர் இல்லாமல். இனி இப்படித் தனித்து வாழும் எவரைப் பற்றியாவது எடுப்பதாக இருந்தால், அவர் சம்மதித்தாரா, யார் மூலம், எந்த மொழியில் கேட்டீர்கள் என்பதைத் திரையில் எழுதிக் காட்டுங்கள்.

அனுமதிச் சான்று உங்களிடம் இருக்குமானால் அதன் நகலை வெளியிடுங்கள். அந்தப் பகுதியைப் பற்றி நான் எழுதியதை அன்றே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால், இந்த மடலின் ரஷ்ய மொழியாக்கமும் உங்கள் அறிவிப்பின் நகலும் காப்பக நிர்வாகத்துக்குப் போகும். மொழியாக்கத்தை முடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு மருத்துவர்